ஒரு மில்லிமீட்டர்

வெள்ள முன்னறிவிப்பு அலுவலகத்துக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுக் கணினி வரும். அவள் எழுதிய ப்ரோகிராம், யாரும் தொடாமலே, அதில் இன்னும் வேகமாக ஓடும். உட்கார்ந்த இடத்தில் கிடைத்த லாபம். இந்த முறை வந்ததில் அறுபத்துநான்கு ப்ராசசர்கள், ஒவ்வொன்றும் பழையதைவிட மந்தம். அவள் ப்ரோகிராம் ஒரே ப்ராசசருக்காக எழுதியது; ஒன்று மட்டும் மாடாய் உழைக்க, மற்றவை சும்மா கிடந்தன. ஐந்து மணி நேரக் கணக்கு ஏழு மணி நேரமானது.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. போன வருடம் எச்சரிக்கை போய்ச் சேர்வதற்குள், ஆற்றோரம் இருந்த அக்கா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. "உங்க ஆபீஸுக்கு முன்னாடி தண்ணியே வந்து சொல்லிடுச்சுடி" என்று அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் குத்தியது.

இரண்டு மாதம் மல்லுக்கட்டி, ப்ரோகிராமில் ஆற்றை அறுபத்துநான்கு துண்டாக்கி, ஒவ்வொரு ப்ராசசருக்கும் ஒன்றாகப் பங்குபோட்டாள். நாற்பது நிமிடத்தில் விடை வந்தது. கூடவே ஒரு வம்பும் வந்தது. எது முதலில் முடிக்கிறதோ அதன் எண் முதலில் கூட்டப்படும். கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கமும் லேசாக மாறும்.

மழை கொட்டிய ஒரு காலையில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்து, தாள்களோடு தலைமைப் பொறியாளர் அறைக்குப் போனாள்.

"ஆத்தோரத் தெருவுல நிக்கப்போற தண்ணி இதுல தொள்ளாயிரத்துப் பன்னெண்டு மில்லிமீட்டர், இதுல பதிமூணு. எதை நம்பிக் கையெழுத்துப் போடறது?"

"எதுல வேணா போடுங்க சார். ரெண்டும் இடுப்பளவுதான்."

"பழையபடி ஒரே ப்ராசசர்ல ஓட்டுங்க. அது பேச்சு மாறாது."

"ஏழு மணி நேரம் ஆகும் சார். தண்ணி நாலு மணி நேரத்துல வந்துடும்."

"முதல்ல ஓட்டுங்கம்மா."

ஓட விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அவர் இன்னும் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அக்கா வீடு அங்கதான் சார். நான் போன் பண்ணினா மாடிக்குப் போயிடுவா. பக்கத்து வீட்டுக்கு யார் சொல்றது?"

அவர் பேனாவை எடுத்து, பதிமூன்று இருந்த தாளில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஒற்றை ப்ராசசர் தன் விடையைச் சொன்னது: தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. அதற்குள் அக்காவின் தெருவில் தண்ணீர் வந்து மூன்று மணி நேரமாகியிருந்தது. தெரு முழுவதும் மாடிகளில் இருந்தது.

அவள் அக்காவுக்குப் போன் செய்தாள். "தண்ணி சரியா எவ்வளவுக்கா நிக்குது?"

"அளக்கலாம்னு பார்த்தேன்டி. எல்லாத்தையும் மேல கொண்டுவந்துட்டேன். ஸ்கேலை மட்டும் கீழயே விட்டுட்டேன்."