பாதிக் கதவு

தொழிற்சாலையின் மாதாந்திர முன்னேற்றக் கூட்டத்தில், வேலையை வேகப்படுத்த அன்றைக்கு யாரிடமும் யோசனை இல்லை. பொருள் வைக்கும் தட்டைக் கைக்கெட்ட நகர்த்தியாகிவிட்டது, நடையைக் குறைத்தாகிவிட்டது, தண்ணீர் கேனைக்கூட மெஷின் பக்கத்துக்குக் கொண்டுவந்தாகிவிட்டது. மேனேஜர், மெஷின்களைப் பராமரிக்கும் ஃபிட்டரைப் பார்த்தார்.

"தகடு அடிக்கிற பெரிய பிரஸ்ஸோட பாதுகாப்புக் கதவு முழுசா மூடுறவரைக்கும் காத்திருக்கணுமா சார்? பாதி மூடினாலே அடிக்கிற மாதிரி சுவிட்சை மாத்திடலாம்" என்று ஃபிட்டர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

ஒரே கைதட்டல். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நொடி மிச்சம். மறுநாளே சுவிட்சை மாற்றினார்கள். அறிவிப்புப் பலகையில் அவர் படம் ஏறியது.

அந்தப் பிரஸ்ஸில் நிற்பவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

மூன்றாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் தன் கையுறையைக் காட்டினான். நடுவிரல் நுனி காகிதமாக நசுங்கியிருந்தது.

"கையுறை ஒரு சைஸ் பெருசு மாமா, அதான் தப்பிச்சேன்" என்று சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்தான். ஃபிட்டர் தன் டப்பாவை மூடிவிட்டு மேனேஜரிடம் ஓடினார்.

"சுவிட்சைப் பழையபடி வெச்சுடறேன் சார்."

"யாருக்காவது அடிபட்டுச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? பின்னாடி போறதுக்குப் பேர் முன்னேற்றமா?"

ஃபிட்டர் நேராகப் போய் பிரஸ்ஸின் மெயின் சுவிட்சை அணைத்து, அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். லைன் மொத்தமும் நின்றது. பத்தே நிமிடத்தில் இரண்டு காவலாளிகள் அவரை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து விட்டார்கள். சாவியை யாரும் கேட்கக்கூட இல்லை. உள்ளே பூட்டை அறுக்கும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. எதிர்ச்சுவரில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். தடால், தடால் என்று பிரஸ் அடித்துக்கொண்டிருக்கும்வரை மூச்சு சீராக வந்தது. சத்தம் நின்றபோதெல்லாம் எழுந்து நின்றார்.

ஐந்து மணிக்கு மைத்துனன் கூட்டத்தோடு வெளியே வந்தான். ஃபிட்டர் முதலில் பார்த்தது அவன் கைகளைத்தான். பத்து விரலும் இருந்தன.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க? எல்லார் முன்னாடியும் என் மானமே போச்சு."

"மானம் கிடக்குது மாப்ள. நாளையிலேர்ந்து நீ அந்த மெஷின்ல நிக்காதே."

"எப்படி நிக்காம இருக்கிறது? உங்களுக்குப் பதிலா மேனேஜர் என்கிட்ட யோசனை கேட்டார். சொல்லிட்டேன். காலையில மாத்துறாங்க."

"என்னடா சொன்னே?"

"பாதி எதுக்கு சார், கதவையே கழட்டிடலாம்னேன்" என்றான் அவன். சொல்லும்போது முகமெல்லாம் பெருமை.