பாக்கெட்டுக்கு ஓர் ஒட்டு

வலது காலை உள்ளே விட்டாயிற்று. இடது கால்தான் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அப்பாவின் இடுப்பை அவன் தூக்கிப் பிடிக்க, ஏணிச் சித்தப்பா பேண்ட்டை மேலே இழுத்துப் பார்த்தார்.

"அண்ணே, கொஞ்சம் ஒத்துழைங்க. காலம் பூரா உங்களுக்கு ஏணி பிடிச்சிருக்கேன். எனக்காக ஒரு கால நீட்டக் கூடாதா?"

சொன்ன கையோடு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சித்தப்பா உடன்பிறந்தவர் இல்லை. அப்பா வயர்மேன், அப்பா ஏறிய ஏணியைக் கீழே நின்று பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர் இவர். ஆள் என்னவோ குள்ளம்தான். ஆனாலும் அந்த வட்டாரத்தில் ஏணி என்றால்தான் தெரியும். நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பும்போது ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்த அப்பா, நிமிரவே இல்லை. வாசலில் ஏணியோடு காத்திருந்த சித்தப்பாதான் முதலில் ஓடி வந்தார்.

ஒருவழியாகக் கால் உள்ளே போனது. அக்கா கல்யாணத்துக்கு எடுத்த சாம்பல் நிறப் பேண்ட். 'இதைப் போட்டுக்கிட்டு எந்தச் சுவர்ல ஏற முடியும்' என்று சொல்லி, அன்று சாயங்காலமே கழற்றிப் பெட்டியில் போட்டவர்தான், அப்புறம் தொடவில்லை.

அம்மா உள்ளே வந்தாள். கையில் கத்தி.

"இதை வலது பாக்கெட்ல வைடா."

அப்பாவின் மடக்குக் கத்தி. வயரின் தோலைச் சீவ, கயிறு அறுக்க, மத்தியானத்தில் ஆப்பிள் நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் குழாயடியில் குந்தி, கல்லில் தண்ணீரைத் தெளித்துத் தீட்ட ஆரம்பித்துவிடுவார். தீட்டித் தீட்டி, கட்டைவிரல் அகலம் இருந்த அலகு பென்சில் அகலத்துக்கு ஒடுங்கிவிட்டது. அலகு ஒடுங்க ஒடுங்க, நுனி மேலேறிக்கொண்டே வந்தது. மடக்கினாலும் பிடிக்குள் அடங்காமல் அரிசி மணி அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பாக்கெட்டைக் கிழிக்கும், தொடையையும் கீறும். அதனால் அப்பாவின் எந்தப் பேண்ட்டை எடுத்தாலும் வலது பாக்கெட்டின் அடியில் அம்மா போட்ட ஒட்டுத்துணி இருக்கும்.

அந்தக் கத்திக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. இதற்கு முன்னால் இரண்டு கத்திகள் இப்படியே தேய்ந்து, ஆணி டப்பாவில் கிடக்கின்றன. அவை மூத்தவளும் இரண்டாமவளும். இது இளையவள். "மூணு பேரைக் கட்டி மேய்க்கிறாரு, தைக்கிறது மட்டும் நானு" என்று ஊசியும் கையுமாகப் பொருமுவாள். அப்பாவும் சளைத்தவர் இல்லை. "கத்தியத்தானே மாத்தினேன், உன்னை மாத்தலையே" என்பார்.

இப்போது அந்தச் சக்களத்தியைத்தான் கூட அனுப்பச் சொல்கிறாள்.

"அம்மா, இரும்பு, பித்தளை எதுவும் இருக்கக் கூடாதாம். வண்டிக்காரர் வந்ததுமே சொல்லிட்டாரு. சுடுகாட்டுல கரன்ட் மிஷின் கெட்டுப்போயிடுமாம்."

"என்னைவிட இதுதான்டா அவர்கூட அதிக நேரம் இருந்திருக்கு. இப்ப மட்டும் பிரிக்கணுமா?"

நேற்றிலிருந்து அம்மா ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டது இது ஒன்றுதான். கதவோரம் நின்ற அக்கா கண்ணைக் காட்டினாள்: சரின்னு சொல்லு, அப்புறம் எடுத்துக்கலாம்.

"சரிம்மா, வைக்கிறேன்."

"எடுத்துட மாட்டியே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமாம்மா."

கத்தியை வாங்கிப் பாக்கெட்டுக்குள் விடப் போனான். "இரு" என்றாள் அம்மா. மனசு மாறிவிட்டாள் போலிருக்கிறது என்று அவனுக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அவளோ பாக்கெட்டுக்குள் கையை விட்டு அடிவரை தடவிப் பார்த்தாள்.

"இதுல ஒட்டு இல்லையே."

அவ்வளவுதான். ஊசி நூல் டப்பா வந்தது. அப்பாவின் கிழிந்துபோன பழைய வேலைப் பையிலிருந்து எடுத்து வைத்திருந்த கான்வாஸ் துண்டு வந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து, பாக்கெட்டை வெளியே இழுத்துப்போட்டுத் தைக்க ஆரம்பித்தாள். தெருவில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"அம்மா, வண்டி நிக்குது" என்றாள் அக்கா.

"நிக்கட்டும். உங்கப்பா நின்னாரா எனக்காக?"

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இனிமே எதுக்கு அண்ணி ஒட்டு?"

"குத்தும்" என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

கான்வாஸில் ஊசி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. மூலைகளில் இரண்டிரண்டு தையல் போட்டாள். கடைசியில் அவனிடமிருந்து கத்தியை வாங்கி விரித்து நூலில் வைத்தாள். வைத்ததுதான் தெரியும், நூல் அறுந்துவிட்டது. "வேலைக்காரி" என்று முணுமுணுத்தபடி மடக்கி, பாக்கெட்டுக்குள் தானே வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினாள்.

வண்டியில் வந்த பெட்டியில் அப்பாவைக் கிடத்தினார்கள். அம்மா செருப்பைத் தேடி வாசலுக்குப் போனாள். "இப்ப எடு" என்றாள் அக்கா.

கையை உள்ளே விட்டான். அடியில் புதுத் தையல் விரலில் நெருடியது. எத்தனையோ தடவை சினிமாவுக்கு, ஐஸ்கிரீமுக்கு என்று அப்பாவின் பாக்கெட்டில் கைவிட்டிருக்கிறான். அப்பா தூங்குவது போல நடிப்பார். இன்றைக்கு நிஜமாகவே அப்பாவிடம் பாக்கெட் அடிக்கிறோமே என்று கூசிப்போனான். கத்தியை எடுத்துத் தன் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். யாரையும் பார்க்கவில்லை.

வண்டிக்குள் பெட்டிக்குப் பக்கவாட்டில் ஒரு நீள இருக்கை. சன்னலோரம் அம்மா, பக்கத்தில் அவன். அக்காவும் சித்தப்பாவும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். முனை திரும்பி முதல் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டான். அடுத்த பள்ளத்தில் இன்னொரு தடவை. காலை மெல்ல நீட்டிப் பார்த்தான். அது இடம் மாறி வேறு பக்கம் குத்தியது. அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது. இன்றைக்குப் போய், இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பெற்ற பிள்ளை பொய்ச் சத்தியம் பண்ணினான் என்று அவளுக்குத் தெரியக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அம்மா சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்துதா?" என்றாள், திரும்பாமலே.



"அம்மா... அது வந்து..."

"மிஷின் கெட்டுப்போச்சுன்னா வயர்மேனத் தேடி ஓடுவாங்க. நமக்குத் தெரிஞ்ச வயர்மேன் இந்தா இங்க படுத்திருக்காரு."

அவள் உதடு சிரிப்பது போலக் கோணி, அப்படியே நடுங்கியது. அவனுக்கும் அடக்க முடியவில்லை. நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அம்மா அழவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுக்குப் போனதும் பேண்ட்ட கழட்டிக் குடு" என்றாள். "கெட்டித் துணி அந்தத் துண்டு ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் உங்கப்பா எடுத்துட்டுப் போறாரு. வேற எங்கயாவதுதான் தேடணும்."

பிறகு கையில் ஈரமாகக் கசங்கியிருந்த கைக்குட்டையை மடியில் வைத்து நீவி, நாலாக மடித்தாள்.

"கொஞ்சம் எந்திரி."

எழுந்து குனிந்து நின்றான். சின்னப் பையனுக்குச் செய்வது போல அவன் பாக்கெட்டில் கையை விட்டு, கத்தியைத் தூக்கி, அதற்கு அடியில் கைக்குட்டையைத் திணித்தாள். மேலே ஒரு தட்டுத் தட்டினாள்.

அவன் உட்கார்ந்தான். அடுத்த பள்ளம் வந்தது. தொடையில் ஈரம்தான் தெரிந்தது. கத்தி குத்தவில்லை.