சாமியின் தையல் மிஷின்

1

இந்தக் கதை எனக்கு மாடிப்படி ஜன்னலில் கிடைத்தது. துணி உலர்த்தப் போனபோது தற்செயலாக— வேண்டாம், நீங்கள் நம்பமாட்டீர்கள். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

‘கடவுளுக்குக் கடன் உண்டா?’ என்று கம்பீரமாகத் தொடங்கிப் பார்த்தேன். (எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.)

2

எதிர்வீட்டுக்காரர் தர்மகர்த்தா. தாத்தா கோயிலைக் கட்டி, பக்கத்துக் கடைகளையும் சாமி பேருக்கே எழுதிவைத்துவிட்டார். பேரனுக்கு மிஞ்சியது நிர்வாகம். அந்தப் பெருமை போதாமல் கடன் வாங்கி டயர் கடை வைத்தார். அது உருண்டே போய்விட்டது. நிர்வாகியின் சொந்தக் கடனுக்குச் சாமி சொத்தை ஜப்தி செய்ய முடியாது என்று வக்கீல் தைரியம் சொன்னார்.

மனிதர் மீதியைக் கேட்காமல் எழுந்து வந்துவிட்டார். ஜப்திக்கு முந்தின நாள், மனைவி தன் சம்பாத்தியத்தில் வாங்கிய தையல் மிஷினைக் கோயில் சாமான் அறைக்குத் தூக்கிப் போனார்.

“அங்க எதுக்குங்க என் மிஷின்?”

“ரெண்டு நாளைக்குத்தான். பேசாம இரு.”

3

ஜப்தி செய்யக் கோர்ட் அமீனா வந்தார். பின்னாலேயே கடன் கொடுத்தவர். வீட்டைப் பார்த்துவிட்டுக் கோயில் சாமான் அறையையும் திறக்கச் சொன்னார்கள்.

“இது யாரோடது?”

மனைவி அறை வாசலில்தான் நின்றாள். தர்மகர்த்தா ஒரு கணம் அவளைத் திரும்பிப் பார்த்தார் என்று— இல்லை. பார்க்கவில்லை.

“சாமியோடதுங்க.”

கடன் கொடுத்தவர் சிரித்தார். “ஓகோ, சாமி ரவிக்கை தைக்கிறாரா? சரி. இது என்னைக்கு உங்க வீட்டுக்குள்ள வருதோ, அன்னைக்குக் கடைங்களும் சாமியோடதுதானான்னு கேஸ் போடுவேன்.”

சாயங்காலம் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். “சம்சாரத்தோடதுன்னு உண்மையச் சொல்லியிருந்தா போதுமேய்யா! உங்க கடனுக்கு அவங்க பொருளை எப்படி எடுப்பாங்க?”

4

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மிஷின் வீட்டுக்கு வருகிறது, கோயில் கடைகள் கோர்ட்டுக்குப் போகின்றன. இன்னொன்றில் சாமியிடமே அவள் மிஷினை வாடகைக்கு எடுக்கிறாள். (ரசித்து எழுதினேன். அவள் முகம் ஞாபகம் வந்ததும் கிழித்தேன்.) மூன்றாவதில் அவள் அவரை மன்னிக்—

என் காதில் விழுந்தது இவ்வளவுதான்.

“பயத்துல வாயில வந்துடுச்சும்மா.”

“சாமி வந்தாரு. நான் வரலையே.”

அவர் சாமான் அறைச் சாவியை அவள் முன்னால் வைத்தார். “நீயே முடிவு பண்ணு.”

வைத்த இடத்திலேயே சாவி இருக்கிறது. அவள் அதைச் சுற்றித் துடைக்கிறாள், தொடுவதில்லை.

நானாக இருந்தால் மிஷினை இன்றைக்கே எடுத்து வரச் சொல்லிவிடுவேன். ஒரு கை மட்டும் வைத்த என் ரவிக்கை இன்னும் அதன் ஊசிக்கடியில் கிடக்கிறது. அதனால்தான் முடிவை நான் எழுதக் கூடாது. உங்களுக்கு அங்கே தைக்கக் கொடுத்த துணி எதுவும் இல்லையே? அப்படியானால் நீங்கள் எழுதுங்கள்.