பிரேமுல வர்றீங்க

வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதென்றால் பென் டிரைவில் பாட்டு ஏற்றுவது போல என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். "பத்து நிமிஷத்துல ஆயிடுமாண்ணா?" என்று எவனாவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒரு மணி நேரக் கேசட் ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். பழைய கேமராவில் கேசட்டைப் போட்டு, ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகினால், அது ஓட ஓட இது பதிவு செய்யும். நடுவில் தாண்ட முடியாது. ஒழுங்காக ஏறுகிறதா என்று ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எழில் அப்படிக் கேட்கவில்லை. மஞ்சப்பையிலிருந்து நான்கு சின்னக் கேசட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"கலையரசன் அண்ணா, என்னத் தெரியுதா? ஊரு அடி அண்ணாமலை. ரெண்டாயிரத்து நாலுல என் கல்யாணத்த நீங்கதான் எடுத்தீங்க."

முகம் ஞாபகமில்லை. கேசட் மேலிருந்த கையெழுத்து என்னுடையது. தேரடித் தெருவில் அப்போதுதான் ஸ்டுடியோ போட்டிருந்தேன். இருபத்தாறு வயது. இந்த ஜில்லாவிலேயே என்னை விட்டால் கேமராமேன் கிடையாது என்று ஒரு நினைப்பு.

"எங்கம்மா தவறிட்டாங்கண்ணா. காரியம் முடிஞ்சு பத்து நாள் ஆவுது. பெட்டியத் தொறந்தா இது இருக்குது. எனக்கே தெரியாம வெச்சிருந்துது."

"அடடா. அம்மா பேரு?"

"ஆராயி. ஒரு போட்டோ கெடையாதுண்ணா. ஆதார் படத்தப் பெருசு பண்ணித்தான் மாலை போட்டோம். செல்போனத் தூக்கினாலே நவுந்து போயிடும். எம் பையனப் படம் புடிச்சா, 'இருடி, நான் பிரேமுல வந்துடப் போறேன்'னும். பேரு கூட எழுதத் தெரியாது அதுக்கு, அந்த வார்த்தைய எங்க கத்துக்கிச்சோ! நாங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்போம்."

நானும் சிரித்துவைத்தேன்.

"கல்யாண சிடில பாத்துட்டேன், அம்மா எங்கயும் இல்ல. வெட்டினதுல போயிருக்கும். கேசட்ல இல்லாமயா போவும்? ஒரு நிமிஷம் கெடச்சாக்கூடப் போதும்ணா. கொரல் கேட்டாக்கூடப் போதும்."

"கண்டிப்பா இருக்கும்மா. கல்யாணத்துல பொண்ணோட அம்மா இல்லாமயா?" என்றேன். பெரிய மனுஷனாட்டம் சொல்லிவிட்டேன். அவள் வேங்கிக்காலில் ஆபீஸ் முடித்துவிட்டு ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனாள்.

முதல் கேசட் பெண் அழைப்பு. மறுநாள் பௌர்ணமி கிரிவலம் என்பதால் தெருவில் ஒரே ஆரன் சத்தம். கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். மாமா வருகிறார், அத்தை வருகிறாள், ஊரே வருகிறது, அம்மாவை மட்டும் காணோம். ஓரிடத்தில் நீலப் புடவை ஒன்று ஓரத்தில் எட்டிப் பார்த்தது. உடனே கேமரா வெடுக்கென்று திரும்பி வாசல் வாழை மரத்துக்குப் போய்விட்டது. கை ஆடியிருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டாவது கேசட்டிலும் அதே நீலப் புடவை. கேமரா திரும்பிப் பூ அலங்காரத்தைக் காட்டுகிறது. மறுபடி வருகிறது, குழந்தையைக் காட்டுகிறது. நான்காவது தடவைதான் எனக்கு உறைத்தது. எழிலுக்கு அப்பா இல்லை. சடங்கெல்லாம் செய்தது மாமாவும் அத்தையும். புருஷனை இழந்த அந்த அம்மா வரும்போதெல்லாம் நான் கேமராவைத் திருப்பியிருக்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள், அந்தக் காலத்தில் அப்படிச் சொல்வதுண்டு, கூலிக்குப் போனவன் நான் என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த கேசட் அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டது.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால். மேடையில் எழில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்துத் தூணோரம் நீலப் புடவையின் முந்தானை. யாரும் என்னிடம் வரவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவன் குரல்தான் அதில் பெரிதாகக் கேட்கும். கேட்டது.

"யம்மா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. பிரேமுல வர்றீங்க."

"பிரேமுன்னா இன்னாபா?"

"வீடியோல தெரியற எடம். மங்களகரமா இருக்க வேணாமா? அந்தாண்ட போங்க."

"சரிப்பா, நான் போறேன். எம் பொண்ண நல்லாப் புடிப்பா."

முந்தானை நகர்ந்து போனது. அவ்வளவுதான். நான்காவது கேசட்டில் சாப்பாட்டுப் பந்தியும், மாப்பிள்ளை வீட்டுக் காரும்தான்.

சிடி போட்டபோது அந்த இடத்தில் நாதஸ்வரத்தை ஏற்றி மூடியிருப்பேன். இருபது வருஷமாக அந்த அம்மா செல்போனைப் பார்த்து நகர்ந்திருக்கிறாள். சொந்தப் பேரனோடு ஒரு படம் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். சொல்லிக் கொடுத்தவன் நான்.

அப்புறம் நான் செய்ததுதான் அதைவிடக் கேவலம். என் பேச்சு மொத்தத்தையும் வெட்டினேன். 'சரிப்பா, நான் போறேன். எம் பொண்ண நல்லாப் புடிப்பா' என்பதை மட்டும் வைத்துக்கொண்டேன். ஐந்து விநாடி. இரைச்சலைக் கம்மி பண்ணி, குரலைத் தூக்கி, அழகாகத் தனி பைலாகப் போட்டேன். முழுக் கேசட்டிலிருந்தும் அந்த இடத்தை எடுத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே எழில் வந்துவிட்டாள்.

"கெடச்சுதாண்ணா?"

"மொகம் இல்லம்மா. கொரல் இருக்குது."

போட்டுக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எங்கம்மாதான், எங்கம்மாதான்" என்றாள். "நீங்க நல்லா இருக்கணும்ணா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "யாருகிட்டண்ணா பேசுது?"

"எங்கிட்டதாம்மா."

"நான் போறேன்னுதே, எங்க போச்சு? அன்னிக்குத் தாலி கட்டறப்போ நான் தேடினேன்ணா. சமையக்கட்டுல வேலையா இருக்குதுன்னாங்க. பொண்ணு கல்யாணத்துல அப்படி இன்னா வேலைன்னு எனக்குக் கோவம். மூணு மாசம் அம்மாகிட்ட பேசவே இல்ல நான்."

சமையக்கட்டுக்கு அனுப்பியவனிடமே கேட்கிறாள். இதற்குமேல் மூடி மறைக்க எனக்குத் தெம்பில்லை.

"எழிலு, நான் வெட்டிட்டேன்மா. முன்னாடி இன்னும் கொஞ்சம் இருக்குது. கேட்டுட்டு என்ன இன்னா வேணாலும் சொல்லு."

வெட்டாததைத் திறந்தேன். என் குரல் கடை முழுக்கக் கேட்டது. 'பிரேமுல வர்றீங்க' என்றதும் எழில் திரையைவிட்டு என்னைப் பார்த்தாள். 'பிரேமுன்னா இன்னாபா' என்று அவள் அம்மா கேட்டதும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானை நகர்ந்து போனதும் நிறுத்தினேன்.

"யாராவது சொல்லச் சொன்னாங்களாண்ணா?"

"இல்லம்மா. நானாத்தான் சொன்னேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மன்னிச்சுடும்மா" என்றேன்.

அவள் திரையில் நின்றுபோயிருந்த தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாட்டி போடுங்க."

அவளுக்கு வலிக்குமே என்று, என் பேச்சைத் தாண்டி, 'சரிப்பா' என்ற இடத்துக்கு மவுஸை நகர்த்தினேன். அவள் என் கையைத் தள்ளினாள்.

"அங்கருந்து இல்ல. எங்கம்மா பிரேமுன்னா இன்னான்னு கேட்டதும் வேணும், மொதல்லருந்து போடுங்க. வீட்டுக்கும் அப்படியே ஏத்திக் குடுங்க, வெட்டாதீங்க. பிரேமுங்கற வார்த்தைய அது எங்க கத்துக்கிச்சுன்னு எம் பையனுக்குக் காட்டணும்."

முதலிலிருந்து போட்டேன்.