வெர்னாவின் பூஜ்யம்

வெர்னாவின் எண்ணை நான் முதல் நாளே நம்பவில்லை. அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், என் பக்கத்து வீட்டுக்காரி. என் கொட்டகை கல் கட்டடம், ஆஸ்திரேலியாவின் எங்கள் கோபார் ஊர் வெயிலிலும் சூடு ஏறாது என்று தன் கணினியை அங்கே கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் ஒரு மின்விசிறி. நாற்பது நாள் பெட்டி உறுமியது.

"மூணு கோடி இலக்கம், மெர்வ். ரெண்டை ரெண்டால பெருக்கிட்டே போய் கடைசியில ஒண்ணைக் கழிச்சது. இது பகா எண்ணுன்னு காட்டிட்டா, கண்டுபிடிச்சவ நான்னு உலகம் பூரா எழுதுவாங்க."

"எல்லா எண்ணாலயும் வகுத்துப் பாத்துட்டியா?"

"யோவ், அதுக்குள்ள சூரியனே அணைஞ்சிரும். நாலுல ஆரம்பிச்சு, அதை அதாலயே பெருக்கி, ரெண்டைக் கழிச்சு, என் எண்ணால வகுத்து மீதியை வெச்சுக்கணும். அந்த மீதியை மறுபடி அதே மாதிரி. பத்து கோடி தடவை. கடைசி மீதி பூஜ்யம்னா பகா எண்."

ஒரு எண்ணால்கூட வகுத்துப் பார்க்காமல் எதனாலும் வகுபடாது என்கிறாள். முப்பது வருஷம் ஆட்டு ரோமம் கத்தரித்தவன் நான். கத்தரித்த ஆட்டை இன்னொருவன் எண்ணினால் கூடவே நின்று எண்ணுவேன்.

நாற்பத்தோராம் நாள் காலை கொட்டகையில் கூச்சல். பூஜ்யமாம்.

"செத்துப்போன தண்ணி மீட்டரும் பூஜ்யந்தான் காட்டும்" என்றேன்.

"வயித்தெரிச்சல் புடிச்ச கிழவா!"

இந்த எண் தேடுகிறவர்களிடம் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. கண்டுபிடித்தவர் பேச்சை யாரும் ஏற்க மாட்டார்கள். வேறொருவர், வேறு கணினியில், முதலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. தெற்கே ஹோபார்ட் நகரில், வெர்னாவுடையதைவிடப் பல மடங்கு வேகமான கணினி வைத்திருக்கும் டெஸ்மண்ட் என்பவன் அதைச் செய்ய ஒப்புக்கொண்டான். வெர்னாவோ அன்று மாலையே ஊர் கிளப்பில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள்.

எனக்குத்தான் உறுத்தியது. அந்த நாற்பது நாளில், நாற்பத்தைந்து டிகிரி கொளுத்திய ஒரு மத்தியானம், கெட்டில் வைக்க அந்த விசிறியின் பிளக்கைப் பிடுங்கியிருந்தேன். சாயங்காலம்தான் திரும்பச் செருகினேன். பெட்டியில் கை வைக்க முடியவில்லை; அந்தச் சூட்டில் கணக்கு பிசகியிருக்குமோ? அதைச் சொல்லாமல், அந்த டெஸ்மண்ட் யார், எப்பேர்ப்பட்டவன் என்று அவளையே குடைந்துகொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பூஜ்யம் இல்லையாம். மூணு பேரு போட்டுப் பாத்துட்டாங்க."

"அப்ப எது அதை வகுக்குது?"

"தெரியாது. ஏதோ ஒண்ணு வகுக்குது, அது மட்டும் நிச்சயம். எதுன்னு இந்தக் கணக்கு சொல்லாது." என் கெட்டிலையே பார்த்தாள். "என் பெட்டி மட்டும் ஏன் பூஜ்யம் காட்டிச்சு?"

"விசிறியைப் பிடுங்கினது நான்தான்."

"தெரியும். எந்த நாள் எவ்வளவு சூடுன்னு பெட்டியே எழுதி வெச்சிருக்கு. உன் வாயால வருதான்னு பாத்தேன்."

"என்னால உன் எண் கெடலையே வெர்னா. அது முதல்லேர்ந்தே வகுபடற எண்ணுதானே!"

"கிளப்புல என் மூஞ்சி கெட்டுதே, அதுக்கு என்ன சொல்ற?"



கொட்டகையில் இப்போது புது எண் ஓடுகிறது. விசிறியின் பிளக்கைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறாள். கெட்டிலையும் எடுத்துப் போய்விட்டாள். டீ வேண்டுமென்றால் அவள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவள் எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடுகிறாள் என்று பக்கத்தில் நின்று எண்ணுகிறேன்.