மாமா தேர்ந்தெடுத்த குழாய்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள்: ரசாயன ஆலைக்குக் குழாய் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பொறியாளரான அண்ணன், புருஷனைப் பறிகொடுத்த அவர் தங்கை, அவளுடைய மாமியார், அம்மா மடியில் தூங்கிப்போன அவள் மகள் வாலு. வேறு ஒருவரும் இல்லை.

"நாளைக்கு விசாரணையில என்னண்ணே சொல்லப் போற?"

"நடந்ததைத்தான்."

நடந்தது இதுதான். அடர் கந்தக அமிலம் பட்டால் சாதாரண எஃகுக் குழாயின் உட்புறம் ஒரு படலம் படியும். அந்தப் படலமே குழாயைக் காக்கும். தண்ணீர் கலந்தால் போச்சு, அதே அமிலம் இரும்பைத் தின்றுவிடும். உள்ளே சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று அண்ணன் ஆலையில் தலைதலையாய் அடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அங்கேயே பராமரிப்பைப் பார்த்த மாப்பிள்ளைக்கு, தங்கையின் புருஷனுக்கு, சுத்தம் என்றால் பைத்தியம். கழுவிய தட்டையே மறுபடி கழுவுகிறவர். ஆலை நின்றிருந்தபோது குழாயையும் கழுவிவிட்டார். வளைவில் தேங்கிய நீர் குழாயை அரித்துத் துளைக்கப் போதுமானதாக இருந்தது. கசிவைப் பார்க்க ஓடி உயிரை விட்டவரும் அவரேதான்.

"செத்தவன் எழுந்து வந்தா பதில் சொல்லப் போறான்?" என்றாள் மாமியார். "அவன் தலையில கட்டிட்டு நீங்க மட்டும் நிமிர்ந்து நடங்க. உங்க வீட்டு கௌரவம் ஊரறிஞ்சதாச்சே!"

"குழாய் தப்புன்னு சொல்லிடுண்ணே. இவ அப்பன் பேரு கெடக்கூடாது" என்றாள் தங்கை, மடியில் கிடந்த மகளைக் காட்டி.

அண்ணன் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். அவர் குடும்பத்தில் பொய் சாட்சி சொன்னவர் கிடையாது. வாலு தூக்கத்தில் புரண்டு அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவர் அதை விடுவிக்கவில்லை.

மறுநாள், "என் தேர்வுதான் தவறு" என்றார். அவரே சொன்ன பிறகு யாரும் மேலே தோண்டவில்லை. வேலை போயிற்று. அதை அவர் தாங்கிக்கொண்டார்.

அடுத்த வருஷம் தங்கையைப் பார்க்கப் போனார். கதவைத் திறந்த வாலு வழிவிடவில்லை.

"உங்க குழாய்தான் எங்கப்பாவைக் கொன்னுச்சு. இங்க வராதீங்க, மாமா."

"யாரும்மா சொன்னா?"

"அம்மா."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. தங்கை ஏதாவது சொல்லுவாள் என்று அவர் காத்திருந்தார். குழாயில் மறுபடி தண்ணீர் விழத் தொடங்கியது. அவர் படியிறங்கினார். பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை.

அமிலத்துக்கு எந்த இரும்பு என்று தெரியாமல் அவர் ஒரு உயிரை வாங்கிவிட்டார் என்று இன்றும் பேசுகிறார்கள். பொய். அந்தக் குழாய் சரியான குழாய்.