காலியான தெரு

காலை ஆறே முக்காலுக்குப் போளூர் பஸ் தெருமுனையில் வந்து நின்று ஹாரன் அடித்தபோது, தனகோடியின் பாவு தெரு நடுவே இடுப்பளவு உயரத்தில் இழுத்துக் கட்டியிருந்தது. தறியில் ஏற்ற வேண்டிய, மூன்று கல்யாணச் சேலைக்கான பட்டு இழை. கஞ்சி தோய்த்தாயிற்று; காயாமல் சுருட்டினால் மூன்றும் பாழ். மறுமுனையில் அவர் மனைவி பொன்னம்மாள் கழியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸையே முறைத்தாள்.

எல்லாம் தனகோடி வாயால் வந்த வினை. பஜார் நெரிசலைக் குறைக்கப் புது ரோடு போட இடமில்லை, இருக்கிற தெருக்களையே வைத்துச் சமாளிக்கப் போகிறோம் என்று சாலை ஆபீஸிலிருந்து நாலு மாதம் முன்பு வண்டி எண்ண ஒரு பெண்ணை அனுப்பினார்கள். பெரணமல்லூர்ப் பெண், சூர்யகலா. அவளுக்கு நாற்காலியும் டீயும் கொடுத்து, "ஆறுலேந்து ஒம்போது வரைக்கும் இந்தத் தெருவுல ஒரு வண்டி வராதும்மா. பாவு நேரம். வந்தா விட்டுடுவோமா?" என்று பெருமையடித்தார். அவள் பார்க்கவே இரண்டு ஆட்டோவைத் திருப்பியும் அனுப்பினார். அவள் பூஜ்யம் எழுதினாள். தெரு காலி என்று ஆபீஸ் முடிவு கட்டி, இதை ஒருவழிப் பாதையாக்கி, பஸ்ஸையெல்லாம் இங்கே திருப்பிவிட்டது. பாவு போட வழியில்லாமல் ஒரு மாதமாகத் தறி சும்மா கிடக்கிறது. தெருவே மனு கொடுத்ததில், இன்று மறுபடி எண்ணச் சொல்லி அதே பெண்ணை அனுப்பியிருந்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் தனகோடி பாவை இழுத்துக் கட்டினார்.

தனகோடி அவளிடம் போனார்.

"எத்தினி வண்டிம்மா எழுதன?"

"ஒண்ணும் இல்லைங்கய்யா. தாண்டுனாத்தான் எண்ணணும்."

"அதோ பஸ்ஸு நின்னுகினு கீதே!"

"நிக்கிற வண்டிக்கு இந்தத் தாள்ல கட்டம் இல்லைங்க."

அவருக்குத் தலை சுற்றியது. பாவு இருந்தால் பூஜ்யம், தெரு மறுபடி காலி. பாவை எடுத்துவிட்டால் வண்டி சரளமாகப் போகும், திட்டம் ஜோர் என்பார்கள்.

"அப்ப பாவை எழுதும்மா. ரோட்டுல அதான கீது!"

அவள் உண்மையாகவே தேடிப் பார்த்தாள். லாரி, கார், பைக், சைக்கிள். "கடைசியா மாட்டு வண்டிதாங்க இருக்கு," என்றாள், சங்கடமாக.

"யோவ், ஜல்தி எடுய்யா!" டிரைவர் கத்தினார்.

தனகோடி போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றார். அதன் பின்னால் கம்பெனி பஸ், இரண்டு லாரி, பைக்குகள் என்று வரிசை திருப்பம் வரை நீண்டுவிட்டது. சூர்யகலா வெற்றுத்தாளின் மேல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ்காரர்கள் தாரில் போட்டிருந்த வெள்ளை அம்புக்குறியின் மேல், பாவிலிருந்து கஞ்சித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.